ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டரை எழுப்பணுமா வேணாமா? நர்சிங் லீடர்ஷிப் பத்தி புதுசா வர்றவங்களுக்கு

நர்சிங்ல லீடர்ஷிப்னு சொன்னாலே முக்காவாசி பேருக்கு ஞாபகம் வர்றது சூப்பரிண்டெண்ட் மேடம், இல்லன்னா வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், அவங்க டியூட்டி லிஸ்ட் போடுறது, லீவு குடுக்கிறது, ஸ்டாக் எண்ணுறது, இதுதான். மேனேஜ்மென்ட் பேப்பர்லயும் லீடர்ஷிப் வகைங்களை ஆட்டோகிராட்டிக், டெமாக்ரடிக், லெசே ஃபேர்னு தலைப்பு தலைப்பா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு பாஸாகி வந்துடுறோம். வார்டுக்குள்ள போனப்புறம் அந்த தலைப்பு ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது, ஏன்னா அங்க அது வேற ரூபத்துல வருது. போன வாரம் ஜாயின் பண்ண ஸ்டாஃப் நர்ஸுக்கும் வருது, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு, கேக்குறதுக்கு பக்கத்துல ஒரு சீனியர் கூட இல்லாதப்ப வருது. இந்த பேஷண்டுக்காக இப்ப டாக்டரை எழுப்பணுமா, இல்ல காலைல ரவுண்ட்ஸ் வரைக்கும் பார்த்துக்கலாமா, இந்த ஒரு முடிவுலருந்துதான் நர்சிங் லீடர்ஷிப்பே ஆரம்பிக்குதுன்னு நான் நம்புறேன். அதனால இந்த ஒண்ணை மட்டும் எடுத்து கொஞ்சம் விரிவா சொல்றேன், புதுசா வேலைக்கு சேர்ந்தவங்களுக்கும் கடைசி வருஷம் படிக்கிறவங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

ஒரு கேஸ் வச்சுக்குவோம். சர்ஜரி வார்டு, 14ம் நம்பர் பெட், 58 வயசு ஆளு, 60 கிலோ எடை. குடல்ல கட்டியை எடுத்துட்டு குடலை சேர்த்து தச்சிருக்காங்க, இன்னைக்கு அஞ்சாவது நாள். சாயங்காலம் வரைக்கும் பக்கத்து பெட்காரர்கிட்ட நல்லா பேசிட்டு இருந்தவர் ராத்திரி அமைதியாயிட்டார், என்னங்கய்யா பண்ணுதுன்னு கேட்டா "ஒண்ணுமில்லம்மா, தூக்கம் வரல, அவ்ளோதான்"ங்கிறார். வைட்டல்ஸ் பார்க்கிறீங்க. பல்ஸ் 112, பிபி மேல 104, ஆக்சிஜன் வைக்காம சாட்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 94, டெம்பரேச்சர் 100.8, அதாவது செல்சியஸ்ல 38.2, மூச்சு நிமிஷத்துக்கு 24. ஆள் தெளிவா இருக்கார், கேட்டதுக்கு பதில் சொல்றார்.

ஒவ்வொண்ணா தனியா பார்த்தா இதுல எதுவுமே பயமுறுத்தாது. பல்ஸ் 112 இருக்கு, சரி வலி இருக்கும். பிபி 104, ஒல்லியான ஆளு, எப்பவுமே கம்மியாத்தான் இருந்திருக்கும். ஜுரம் இருக்கு, ஆபரேஷன் ஆனவருக்கு கொஞ்சம் ஜுரம் வர்றது சகஜம்தான், ஒரு பாராசிட்டமால் போட்டா போச்சு. இப்படி ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டே அடுத்த பெட்டுக்கு போயிடலாம், நிறைய வார்டுல நடக்கிறதும் அதுதான்.

இங்கிலாந்துல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல பேஷண்ட் மோசமாகப் போறாரான்னு முன்கூட்டியே காட்டுற ஒரு ஸ்கோர் கொண்டு வந்தாங்க, 2017ல அதை திருத்தி வெளியிட்டாங்க, நியூஸ் ஸ்கோர்னு சொல்லுவாங்க, அதாவது நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர், நம்ம ஊர்லயும் சில ஆஸ்பத்திரில இதையோ இதே மாதிரி வேற ஒண்ணையோ உபயோகிக்கிறாங்க. நம்ம 14ம் பெட்காரரோட நம்பரை அதுல போட்டு பாருங்க. மூச்சு 21லருந்து 24க்குள்ள இருந்தா 2 பாயிண்ட். சாட்சுரேஷன் 94, 95க்கு 1. பிபி 101லருந்து 110 வரைக்கும் 1. பல்ஸ் 111லருந்து 130 வரைக்கும் 2. டெம்பரேச்சர் 38.1லருந்து 39 வரைக்கும் 1. ஆக்சிஜன் வைக்கல, நினைவும் தெளிவா இருக்கு, அதனால அது ரெண்டுக்கும் பூஜ்யம். கூட்டினா 7 வருது. அந்த சார்ட்டு கணக்குல 5 வந்தாலே அவசரமா டாக்டர் வந்து பார்க்கணும், 7 வந்துட்டா எமர்ஜென்சி, கிரிட்டிகல் கேர் பார்க்கிறவங்க வரைக்கும் தகவல் போகணும், வைட்டல்ஸை விடாம பார்த்துக்கிட்டே இருக்கணும். சமாதானம் சொல்லி தள்ளிவிட்ட அஞ்சு நம்பரும் ஒண்ணு சேர்ந்து வந்து நிக்குது பாருங்க, அந்த ஸ்கோரோட பலமே இதுதான். இதோட யூரின் பேகையும் ஒரு தடவை தூக்கி பார்க்கிறீங்க, கடைசி நாலு மணி நேரத்துல 80 மில்லிதான் வந்திருக்கு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரணும், அப்ப நாலு மணி நேரத்துக்கு 120 வந்திருக்கணும். வயிறை தொட்டு பார்த்தா முன்னைவிட இறுக்கமா இருக்கு. அஞ்சாவது நாள்ல குடல் தையல் லீக் ஆகுறதுக்கு வாய்ப்பு இருக்கிற நேரம் வேற. இனிமே இவரை காலைல பார்த்துக்கலாம்னு விட முடியாது.

(ஒரு விஷயம், இந்த ஸ்கோர் 16 வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிடையாது, நுரையீரல் நோய் முத்தி கார்பன் டை ஆக்சைடு தேங்குற பேஷண்டுக்கு சாட்சுரேஷன் கணக்கு வேற, அவங்களுக்கு டாக்டர் 88லருந்து 92க்குள்ள வச்சுக்க சொல்லியிருப்பாங்க. எல்லாருக்கும் ஒரே அளவுகோலை வச்சு பார்த்துடாதீங்க.)

இதுல நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது மூச்சு எண்ணுறது. பல்ஸையும் சாட்சுரேஷனையும் மெஷின் காட்டிடும், பிபிக்கும் மெஷின் வந்தாச்சு, ஆனா வார்டுல மூச்சை மட்டும் நம்மதான் உக்காந்து எண்ணணும், அதனாலதான் அதை யாருமே எண்ணுறதில்ல. எந்த வார்டு சார்ட்டை வேணா எடுத்து பாருங்க, 20, 20, 20னு வரிசையா ஒரே கையெழுத்துல இருக்கும். ஆனா ஒரு ஆளு மோசமாகப் போறார்னா ரொம்ப சீக்கிரமா மாறுறதுல மூச்சும் ஒண்ணு, பிபி எல்லாம் பல தடவை கடைசிலதான் விழும். அந்த 14ம் பெட்காரருக்கு 20ன்னு எழுதியிருந்தா ஸ்கோர் 5க்கு இறங்கியிருக்கும், எமர்ஜென்சிங்கிறது நம்ம கண்ணுக்கே தெரியாம போயிருக்கும். ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க, பல்ஸ் பார்க்கிற மாதிரி கைய பிடிச்சுக்கிட்டே நெஞ்சை பார்த்து எண்ணுங்க, மூச்சு எண்ணுறேன்னு சொன்னா அவங்க மூச்சு விடுற விதமே மாறிடும். முடிவு எடுக்கிறதுன்னு பெருசா பேசுறோமே, அதோட முதல் பாதி இப்படி உண்மையான நம்பரை எழுதுறதுலதான் இருக்கு.

சீனியர் சிஸ்டர்ங்க கிட்ட ஒரு பழக்கம் பார்த்திருப்பீங்க. பெட் பக்கத்துல வந்து ஒரு நிமிஷம் நிப்பாங்க, சார்ட்டை கூட தொட மாட்டாங்க, "இவரு சரியில்ல, டாக்டரை கூப்பிடு"ன்னுடுவாங்க, சொன்ன மாதிரியே ஆயிடும். அமெரிக்காவுல பேட்ரிசியா பென்னர்னு ஒரு நர்சிங் பேராசிரியை 1980கள்ல இதைத்தான் ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு நர்ஸ் கத்துக்குட்டியா ஆரம்பிச்சு நிபுணரா ஆகுற வரைக்கும் அஞ்சு படி இருக்குன்னு சொன்னாங்க, ஆரம்பத்துல இருக்கிறவங்க ரூலை பிடிச்சுக்கிட்டு போவாங்க, பல வருஷம் பார்த்தவங்களுக்கு மொத்த சூழ்நிலையும் ஒரே பார்வைல பிடிபட்டுடும். புதுசா வந்தவங்க இதை பார்த்து நமக்கு அந்த கண்ணு இல்லையேன்னு சோர்ந்து போக வேணாம், உங்களுக்காகத்தான் ஸ்கோரும் சார்ட்டும் இருக்கு, அதை ஒழுங்கா போட்டாலே பாதி கிணறு தாண்டிடலாம். சீனியருக்கும் ஒண்ணு சொல்லணும், உங்க மனசுக்கு பட்டது கரெக்டாத்தான் இருக்கும், ஆனா "எனக்கு என்னமோ சரியா படல சார்"னு போன்ல சொன்னா அந்தப் பக்கம் அரைத் தூக்கத்துல இருக்கிற டியூட்டி டாக்டருக்கு அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அவருக்கு நம்பர் வேணும்.

அங்கதான் ரெண்டாவது பாதி, சொல்றது. இதுக்கு எஸ்பார்னு (சிச்சுவேஷன், பேக்ரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமெண்டேஷன்) ஒரு முறை இருக்கு. அமெரிக்க கடற்படையோட அணுசக்தி நீர்மூழ்கி கப்பல்ல தகவல் சொல்றதுக்கு வச்சிருந்த முறை, 2000கள் ஆரம்பத்துல கைசர் பெர்மனென்டேங்கிற ஆஸ்பத்திரி குழுமம் அதை மருத்துவத்துக்கு கொண்டு வந்தாங்க, அங்கருந்து உலகம் பூரா பரவிடுச்சு. நாலே விஷயம்தான், இப்ப என்ன நடக்குது, இவரோட பின்னணி என்ன, நான் பார்த்தவரைக்கும் இது என்னன்னு நினைக்கிறேன், உங்ககிட்ட என்ன கேக்குறேன்.

சாதாரணமா நம்ம போன் எப்படி போகும்? "சார், 14ம் பெட் பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார் சார், லேசா ஜுரம் இருக்கு சார்." அவரு "சரி, பாராசிட்டமால் போடுங்க, காலைல பார்க்கலாம்"னு சொல்லி வச்சுடுவார். அவரை குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல, ஏன்னா நம்ம சொன்னதுக்கு அதுதான் பதில். இப்ப இதை பாருங்க:

"சார், நான் சர்ஜரி வார்டு நைட் ஸ்டாஃப் பேசுறேன். 14ம் பெட் பேஷண்டுக்கு எர்லி வார்னிங் ஸ்கோர் 7 வந்திருக்கு. குடல் ரிசெக்ஷன் பண்ணி இன்னைக்கு அஞ்சாவது நாள், சாயங்காலம் வரைக்கும் நார்மலா இருந்தார். இப்ப மூச்சு 24, நானே ஒரு நிமிஷம் எண்ணினேன், பல்ஸ் 112, பிபி 104, சாட்சுரேஷன் 94, ஜுரம் 100.8, நாலு மணி நேரத்துல யூரின் 80 மில்லிதான், வயிறு முன்னைவிட இறுக்கமா இருக்கு. செப்சிஸா இருக்குமோ, தையல் லீக்கோன்னு எனக்கு சந்தேகமா இருக்கு சார். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள பிளட் எடுத்து வைக்கட்டுமா, ஃப்ளூயிட் எதாவது ஆரம்பிக்கணுமா?"

(செப்சிஸ்னா கிருமித் தொற்றால உடம்போட உறுப்புங்க பாதிக்கப்படுறது.) இப்படி சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது, கேட்ட எந்த டாக்டரும் படுக்கைல இருக்க மாட்டார். போன் பண்றதுக்கு முன்னாடி கேஸ் ஷீட்டை கையில எடுத்துக்கோங்க, அலர்ஜி, ஓடிக்கிட்டிருக்கிற மருந்து, கடைசி ரிப்போர்ட் எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கணும். டாக்டர் போன்ல ஆர்டர் சொன்னா எழுதிக்கிட்டு திருப்பி படிச்சு காட்டுங்க.

இந்த நாலுல நம்மாளுங்களுக்கு கஷ்டமா இருக்கிறது கடைசிதான், என்ன வேணும்னு கேக்குறது. டாக்டருக்கே நம்ம சொல்றதான்னு ஒரு தயக்கம், திட்டுவாங்களோன்னு ஒரு பயம், நமக்கெதுக்கு வம்புன்னு ஒரு ஒதுங்கல். காலேஜ்ல சேர்ந்த நாள்லருந்து எழுந்து நில்லு, தலை குனிஞ்சு பேசு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுதானே வளர்த்திருக்காங்க. அந்த தயக்கத்தோட விலை என்னன்னு புரியணும்னா இங்கிலாந்துல 2005ல நடந்த ஒரு விஷயத்தை தெரிஞ்சுக்கணும்.

எலைன் ப்ரோமிலி, 37 வயசு, ரெண்டு சின்ன குழந்தைங்களுக்கு அம்மா. சைனஸுக்கு ஒரு சாதாரண ஆபரேஷன், நல்ல வசதியான தியேட்டர், நல்ல அனுபவமுள்ள டாக்டருங்க. மயக்க மருந்து குடுத்த கொஞ்ச நேரத்துலயே மூச்சுக்குழாய் பாதை அடைச்சுக்குது, ட்யூபும் போட முடியல, மாஸ்க் வச்சும் ஆக்சிஜனை உள்ள அனுப்ப முடியல. இப்படி ஆயிட்டா கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு வழி பண்ணணும்னு கைட்லைன் இருக்கு, அங்க இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஆனா மூணு சீனியர் டாக்டரும் திரும்ப திரும்ப ட்யூப் போடுறதுலயே மூழ்கிட்டாங்க, நேரம் போறது அவங்களுக்கு தெரியல, சாட்சுரேஷன் 40 சதவீதம் அளவுக்கு கீழ விழுந்து ரொம்ப நேரம் அப்படியே கிடந்துச்சு. அப்ப அங்க இருந்த ஒரு நர்ஸ், யாரும் கேக்காமலே கழுத்துல துளை போடுற ட்ரக்கியாஸ்டமி செட்டை எடுத்துட்டு வந்து செட் ரெடியா இருக்குன்னு சொல்றாங்க, யாரும் திரும்பல. இன்னொரு நர்ஸ் ஐசியுவுக்கு போன் பண்ணி பெட் இருக்கான்னு கேட்டு வந்து சொல்றாங்க, இந்தம்மா ஏன் இப்படி ஓவரா பண்ணுதுங்கிற மாதிரி டாக்டருங்க பார்த்ததா அவங்களுக்கு பட்டுச்சு, போய் அந்த பெட்டை கேன்சல் பண்ணிட்டாங்க. நினைவு திரும்பாமலே 13 நாள் கழிச்சு எலைன் இறந்துட்டாங்க.

என்ன செய்யணும்னு தெரிஞ்ச நர்சுங்க அந்த ரூம்லயே இருந்தாங்க, அதை எப்படி சொல்லி புரிய வைக்கிறதுன்னுதான் தெரியலன்னு விசாரணைல வெளிய வந்துச்சு. இதை நான் படிக்கிறப்ப எல்லாம் மனசு பதறும், ஏன்னா நம்ம ஊர் தியேட்டர்லயும் வார்டுலயும் அதே இடத்துல நின்ன சிஸ்டர்ங்க எத்தனை பேர் இருப்பாங்க. எலைனோட கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமானம் ஓட்டுறவர். அவரு யாரையும் தண்டிக்க சொல்லல, விமானத்துல கேப்டன் தப்பு பண்ணா ஜூனியர் வாய் திறந்து சொல்லணும், கேப்டன் அதை காது குடுத்து கேக்கணும்னு எங்களுக்கு பயிற்சியே இருக்கு, ஆஸ்பத்திரில ஏன் இல்லன்னு கேட்டார். அதுக்காகவே 2007ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சார், இன்னைக்கு அந்த கேஸ் உலகம் பூரா டாக்டர், நர்ஸ் பயிற்சில சொல்லித் தர்றாங்க.

அப்ப எப்படி சொல்றது? அமெரிக்காவுல டீம்ஸ்டெப்ஸ்னு ஒரு பயிற்சில படிப்படியா குரலை ஏத்த சொல்றாங்க. முதல்ல "சார், எனக்கு இது கவலையா இருக்கு". கேக்கலன்னா "சார், இதை இப்படியே விடுறது எனக்கு சரியா படல". அதுக்கும் திரும்பலன்னா "சார், பேஷண்ட் உயிருக்கு ஆபத்து, ஒரு நிமிஷம் நிறுத்துங்க". இதுல மரியாதைக்குறைவு எங்கயும் கிடையாது, சார்னுதான் கூப்பிடுறோம், ஆனா விஷயம் தெளிவா இருக்கு. செட் ரெடியா இருக்குன்னு சொல்றதுக்கும் "சாட் 40ல இருக்கு, ட்யூப் போக மாட்டேங்குது, இப்ப கழுத்துல போடணும் சார்"னு சொல்றதுக்கும் ஒரு உயிரு அளவுக்கு வித்தியாசம் இருக்கு. ரெண்டு தடவை தெளிவா சொல்லியும் கேக்கலன்னா அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு போகணும், டியூட்டி டாக்டர் வரலன்னா அசிஸ்டென்ட், அவரும் எடுக்கலன்னா சீஃப், நம்ம பக்கம் நைட் சூப்பர்வைசர். இதை புகார் சொல்றதா நினைக்கிற மனப்பான்மை நம்மகிட்ட நிறைய இருக்கு, அது போகணும். "சார், நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன், பேஷண்ட் இன்னும் மோசமாயிட்டார், அதனால சீஃப்கிட்ட சொல்றேன்"னு நேரடியா சொல்லிட்டே செய்யலாம்.

எழுதி வைக்கிறதும் இதுல சேர்ந்ததுதான். 2.10க்கு வைட்டல்ஸ் இது, 2.15க்கு இந்த டாக்டருக்கு போன் பண்ணேன், இந்த ஆர்டர் குடுத்தார், 2.40க்கு திரும்ப வைட்டல்ஸ் இது, இவ்ளோதான். "டாக்டர் இன்ஃபார்ம்ட்"னு மொட்டையா எழுதினா அதுலருந்து யாருக்கும் எதுவும் புரியாது, எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, என்ன சொன்னோம்னு இருக்கணும்.

இதே தைரியம் ஒரு ஆர்டரை நிறுத்தி கேக்குறதுக்கும் வேணும். பொட்டாசியம் குளோரைடு (கேசிஎல்) ஆம்ப்யூல் எல்லாரும் பார்த்திருப்பீங்க, பார்க்க மத்த ஆம்ப்யூல் மாதிரிதான் இருக்கும், அதை டைல்யூட் பண்ணாம நேரா நரம்புல தள்ளினா இதயம் நின்னுடும். அவசரத்துல யாராவது "கேசிஎல் ஒரு ஆம்ப்யூல் ஐவி குடுங்க"ன்னு சொன்னா, எந்த ஃப்ளூயிட்ல, எவ்ளோ நேரத்துல ஓடணும்னு கேக்காம சிரிஞ்சை கையில எடுக்கவே கூடாது. சொன்னவர் யாரா வேணா இருக்கட்டும், போட்ட கை நம்மளோடது, டாக்டர் சொன்னார்னு சொல்லி நம்ம பொறுப்புலருந்து தப்பிக்க முடியாது. நர்சிங் கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணி லைசென்ஸ் வாங்கியிருக்கோம்ல, அந்த நம்பரோட கூடவே இந்த பொறுப்பும் வந்துடுச்சு. அதே நேரத்துல எல்லை தாண்டவும் கூடாது, நோய் என்னன்னு முடிவு சொல்றதும் மருந்து எழுதுறதும் டாக்டரோட வேலை, சந்தேகத்தை சொல்றதும் நிறுத்தி கேக்குறதும் நம்ம வேலை.

வேலையை பிரிச்சு குடுக்கிறதை பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்டூடண்ட்கிட்டயோ ஆயாம்மாகிட்டயோ ஒரு வேலையை குடுக்கிறதுக்கு முன்னாடி இந்த வேலையை குடுக்கலாமா, இந்த பேஷண்ட் இப்ப இருக்கிற நிலைமைல குடுக்கலாமா, இவங்களுக்கு தெரியுமா, தெளிவா சொன்னேனா, திரும்பி பார்த்தேனா, இந்த அஞ்சும் இருக்கணும். ஸ்டேபிளா இருக்கிற பேஷண்டோட வைட்டல்ஸை ஸ்டூடண்ட் பார்க்கலாம், நம்ம 14ம் பெட்காரரை நீங்கதான் பார்க்கணும். "வைட்டல்ஸ் பார்த்துட்டு வா"ன்னு மட்டும் சொல்லாம "பல்ஸ் 110க்கு மேல இருந்தாலோ மேல பிபி 100க்கு கீழ இருந்தாலோ உடனே என்கிட்ட வந்து சொல்லு"ன்னு சொல்லி அனுப்புங்க.

இவ்ளோ சொல்லிட்டு ஆள் எண்ணிக்கையை பத்தி பேசாம விட்டா அது அநியாயம். நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கனும் அவங்க குழுவும் அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல 168 ஆஸ்பத்திரிய எடுத்து பண்ண ஆய்வு 2002ல வெளிவந்துச்சு. ஒரு நர்ஸ் பார்க்கிற பேஷண்ட் எண்ணிக்கைல ஒருத்தர் கூடினா, ஆபரேஷன் ஆன பேஷண்ட் 30 நாளுக்குள்ள இறக்கிறதுக்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு அதுல தெரிஞ்சுச்சு. கலிஃபோர்னியாவுல 1999லயே சட்டம் போட்டு 2004லருந்து ஒரு நர்ஸுக்கு இத்தனை பேஷண்ட்தான்னு அமல்படுத்தினாங்க, ஐசியுல ரெண்டு பேருக்கு ஒருத்தர், ஜெனரல் வார்டுல 2005லருந்து அஞ்சு பேருக்கு ஒருத்தர். நம்ம ஊர் நைட் டியூட்டில முப்பது நாப்பது பேஷண்டுக்கு ஒரே ஒரு ஸ்டாஃப் நிக்கிற வார்டு எவ்ளோ இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அவங்க மூச்சை எண்ணலன்னு அவங்களை மட்டும் திட்டுறது எந்த விதத்துல நியாயம்? எத்தனை பேஷண்ட், எத்தனை ஸ்டாஃப், எத்தனை பேருக்கு ஸ்கோர் 5ஓ அதுக்கு மேலயோன்னு ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் எழுதி மேல அனுப்புறதுதான் இன்சார்ஜோட லீடர்ஷிப், வாயால சொன்னா மறந்துடுவாங்க, எழுத்துல மாசாமாசம் போச்சுன்னா யாராவது ஒரு நாள் பதில் சொல்லியாகணும்.

இன்சார்ஜ் சிஸ்டர்ங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். காலைல டியூட்டி ஓவர் எடுக்கிறப்ப பெட் பெட்டா போய் முடிச்சதும் நைட் ஸ்டாஃப்கிட்ட "இதுல யாரை நினைச்சா உனக்கு பயமா இருக்கு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. சார்ட்ல எழுத முடியாத விஷயமெல்லாம் அந்த பதில்ல வரும், அன்னைக்கு யாரை முதல்ல பார்க்கணும்னு உங்களுக்கும் தெரிஞ்சுடும். ரெண்டாவது, புதுசா வந்த பொண்ணு ராத்திரி டாக்டரை எழுப்பி, அவரு வந்து பார்த்து, பெருசா ஒண்ணுமில்லன்னு போயிட்டார்னு வச்சுக்குவோம். மறுநாள் காலைல எல்லார் முன்னாடியும் "இதுக்கெல்லாம் போய் கூப்பிடுவியா"ன்னு கேட்டீங்கன்னா அந்த பொண்ணு அடுத்த தடவை உண்மையான எமர்ஜென்சிக்கும் கூப்பிட மாட்டா, அதை பார்த்துக்கிட்டு இருந்த மத்த பொண்ணுங்களும் கூப்பிட மாட்டாங்க. தனியா உக்கார வச்சு என்ன பார்த்தே, எந்த நம்பரை வச்சு கூப்பிட்டே, போன்ல என்ன சொன்னேன்னு கேளுங்க, விட்டுப்போனதை சொல்லிக் குடுங்க. டாக்டர் கோபப்பட்டிருந்தா நீங்களே அவர்கிட்ட போய், "சார், ஸ்கோர் 5ஓ அதுக்கு மேலயோ வந்தா கூப்பிடணும்னு நான்தான் சொல்லியிருக்கேன்"னு சொல்லுங்க.